ஏழு பலகை வேகன்

என் மேசை மேல் ஒரு கூட்ஸ் வேகன் நிற்கிறது. நீளம் 66 மில்லிமீட்டர். பக்கவாட்டில் அடர்சிவப்பு, அதன்மேல் ஒரு நிலக்கரி வியாபாரியின் பெயர் வெள்ளையில், கொட்டை எழுத்தில். லண்டனில் இருக்கும் சித்தப்பா பையன் அனுப்பினது. "இதே வேகன் நூத்துக்கணக்கான பேர்ல, நிறத்துல கிடைக்குதுண்ணா"ன்னான். பழுப்பு நிற கூட்ஸ் வண்டிகளையே பார்த்து வளர்ந்த எனக்கு ஒரே சந்தேகம்: நிஜத்திலும் இப்படித்தான் ஓடிச்சா?

ஓடியது. பிரிட்டனில் பெரும்பாலும் ரயில்வே கம்பெனிகள் இழுத்துக்கொண்டு போனதோடு சரி. நிலக்கரி வேகன்களைச் சுரங்க முதலாளிகளும் வியாபாரிகளுமே சொந்தமாக வைத்திருந்தார்கள். ரயில்வே கிளியரிங் ஹவுஸ் 1923-ல் வகுத்த 12 டன் வேகன் 16 அடி 6 அங்குல நீளம். அடிக்கு 4 மில்லிமீட்டர் கணக்குப் போட்டால் சரியாக என் மேசை வேகன். ஏழு பலகையும் எண்ணிப் பார்த்தேன், இருக்கு.

பக்கவாட்டில் ஒரு வெள்ளைச் சாய்கோடு. அழகுக்கு என்று நினைத்தேன். இல்லை, எந்த முனையில் கதவு இருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. துறைமுகத்தில் வேகனையே தூக்கிச் சாய்த்து, அந்த முனை வழியாகக் கப்பலுக்குள் கரியைக் கொட்டுவார்கள். கீழே பொடி எழுத்தில், காலியானதும் எந்தச் சுரங்கத்துக்குத் திருப்பி அனுப்பவேண்டும் என்று எழுதியிருக்கும்.

எல்லா வம்பும் அந்தப் பொடி எழுத்தில்தான். பக்கத்துச் சுரங்கத்தில் கரி குவிந்து கிடந்தாலும் அடுத்தவன் வேகனில் ஏற்றமுடியாது. காலியாகவே அதன் வீட்டுக்குப் போகணும். ஆயிரக்கணக்கான முதலாளிகள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பிரித்துக் கோக்கிற வேலை. ஷண்டிங் யார்டில் இருந்தவர்கள் பாடு எப்படி இருந்திருக்கும்! போதாததுக்கு, விற்கிறவரை கரியை வேகனிலேயே வைத்து, அதையே குடோனாக்கிக்கொண்ட வியாபாரிகளும் உண்டு.

கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் பொது மேலாளர் ஃபீலிக்ஸ் போல் 1920-களில் 20 டன் இரும்பு வேகன்களைக் கொண்டுவந்தார். முழுசாக ஏற்றினால் கட்டணத்தில் 5 சதவீதம் தள்ளுபடியும் தந்தார். ஆனால் சுரங்கத்தில் ஏற்றுமிடம், எடைமேடை, துறைமுகத்தில் கொட்டும் மேடை எல்லாமே சின்ன வேகனுக்குக் கட்டியவை. அத்தனையையும் மாற்ற யார் செலவழிப்பது? பெரிதாகப் பரவவில்லை.

யோசனை சொல்லி முடியாததைப் போர் முடித்தது. 1939-ல் அரசு இந்த வேகன்களை எடுத்துக்கொண்டு ஒரே பொதுத்தொகுப்பாக்கியது. யார் வேகன் என்கிற பேச்சே இல்லை. எங்கே கரி இருக்கோ அங்கே ஏற்று. பெயின்ட் அடிக்க யாருக்கும் நேரமில்லை. பலகை உடைந்தால் வெறும் மரத்தை வைத்து அடித்தார்கள். பெயரில் நடு எழுத்துகள் காணாமல் போயின. 1948-ல் தேசியமயமானபோது பிரிட்டிஷ் ரயில்வேயிடம் வந்த இந்தத் தனியார் வேகன்கள் 5 லட்சத்துக்கும் மேல். எண்ணுக்கு முன்னால் 'பி' என்ற எழுத்தைப் போட்டார்கள். பிறகு 16 டன் இரும்பு வேகன்கள் அவற்றின் இடத்தைப் பிடித்தன.

அதனால் 1950-களின் எஞ்சினுக்குப் பின்னால் பளபளவென்று கலர் கலராக வேகன்களைக் கோத்த மாடலைப் பார்த்தால், பார்க்க அழகு, ஆனால் அப்படியொரு ரயில் அப்போது ஓடவில்லை. நிறத்திலும் எனக்கு முழு நம்பிக்கை கிடையாது. தொழிற்சாலையில் புதிதாகப் பெயின்ட் அடித்து எடுத்த படங்கள் கறுப்பு வெள்ளை. அந்தக்காலப் பிலிம் சிலதில் சிவப்பும் கறுப்பாகவே விழும். ஆக, என் வேகனின் அடர்சிவப்பு யாரோ ஊகித்ததாகவும் இருக்கலாம்.

நேற்று ராத்திரி என் வேகனின் மூணாவது பலகையை மட்டும் சுரண்டி, மரநிறம் அடித்தேன். வியாபாரி பெயரில் ரெண்டு எழுத்து போச்சு. தம்பிக்குப் போட்டோ அனுப்பினேன். "நல்லாத்தானே இருந்துச்சு, ஏண்ணா கெடுத்துட்ட?"ன்னு கேட்கிறான்.