தாயம் முதல் டெகத்லான் வரை: உட்கார்ந்தபடியே ஓடிய பந்தயங்கள்

பொங்கல் விளையாட்டு விழா பற்றி நம் வாட்ஸ்அப் குழுவில் நடந்த விவாதத்தைப் பார்த்திருப்பீர்கள். சாக்கு ஓட்டம், ஸ்பூன் எலுமிச்சை, கயிறு இழுத்தல் எல்லாம் வழக்கம்போல் உண்டு. முட்டி வலிக்காரர்களுக்கு என்ன உண்டு என்றால், பரிசு கொடுக்கும் வேலை மட்டும்தான். "பெரியவங்களுக்குப் பகடை உருட்டி ஆடற தடகளப் போட்டி ஒண்ணு வெச்சா என்னங்க?" என்று கேட்டேன். "பார்ட்டி ஹாலில் சூதாட்டமா? வேண்டாமுங்க" என்று ஒருவர் பதில் போட்டார். நாலைந்து பேர் அதற்குக் கட்டைவிரல் உயர்த்தினார்கள். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இது தீர்மானமாக வருகிறது. அதற்கு முன் பகடையின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் நம் தாயக்கட்டை. கொங்கு நாட்டில் திண்ணை இருந்த வீடுகளில் எல்லாம் தாயக்கட்டம் இருந்தது. கரிக்கோடு, சுண்ணாம்புக்கோடு, சில வீடுகளில் சிமெண்டிலேயே கீறிவிட்ட கோடு. பித்தளைக் கட்டை இல்லாத வீட்டில் புளியங்கொட்டையை ஒருபக்கம் தேய்த்து உருட்டுவார்கள், அல்லது சோழி. தாயம் விழாமல் காய் வெளியே வராது. வெட்டு வாங்கினால் மறுபடி முதலிலிருந்து. சுற்றி முடித்து உள்ளே போனால் பழம். யோசித்துப் பாருங்கள், இது ஓட்டப்பந்தயம்தானே? தொடக்கக்கோடு உண்டு, சுற்று உண்டு, முடிவுக்கோடு உண்டு. துப்பாக்கிச் சத்தத்துக்குப் பதில் தாயம்.

கணக்கையும் பார்த்துவிடலாம், பழக்கதோஷம் விடவில்லை. ஒரு கட்டையின் நான்கு பக்கங்களில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகளும் ஒரு வெறும் பக்கமும் இருக்கும். இரண்டு கட்டை சேர்ந்தால் 16 விதமாக விழலாம். அதில் தாயம் 2, இரண்டு 3, மூன்று 4, நான்கு 3, ஐந்து 2, ஆறு 1, இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டு 1. கூட்டினால் 16, கணக்கு நேராகிறது. எட்டு முறை உருட்டினால் சராசரியாக ஒருமுறைதான் தாயம். பக்கத்து வீட்டு அக்கா நாலு காயையும் இறக்கிவிட்டு நம்மைப் பார்த்துச் சிரிக்கும்போது நமக்கு ஒரு காய்கூட இறங்காமல் இருந்ததற்கு இதுதான் காரணம். கட்டையின் மீதோ அக்காவின் மீதோ சந்தேகப்பட்டதில் நியாயமில்லை.

பகடை நமக்கு இன்று நேற்று வந்ததல்ல. மொகஞ்சதாரோவில் கிடைத்த பகடைகளில் ஒன்றுக்கு எதிர்ப்பக்கம் இரண்டு, மூன்றுக்கு நான்கு, ஐந்துக்கு ஆறு என்று புள்ளிகள் இருக்கின்றன. இன்றைய பகடையில் எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டினால் ஏழு வரும். கீழடியிலும் பகடையும் விளையாட்டுக் காய்களும் கிடைத்துள்ளன. பழங்காலத்தில் தான்றிக்காயையும் உருட்டி ஆடியிருக்கிறார்கள். திரிபலா சூரணத்தில் கடுக்காய், நெல்லிக்காயுடன் சேர்கிறதே, அதே தான்றிதான்.

அந்தத் தான்றி மரத்தடியில்தான் மகாபாரதத்தில் ஒரு விசேஷமான காட்சி நடக்கிறது. சூதில் நாட்டை இழந்த நளன், இருதுபன்னனுக்குத் தேரோட்டியாக வேலை பார்க்கிறான். வழியில் ஒரு தான்றி மரத்தைப் பார்த்த அரசன், அதன் கிளைகளில் இத்தனை இலை, இத்தனை காய் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்கிறான். நளன் இறங்கிச் சரிபார்க்கிறான், சரியாக இருக்கிறது. பகடையின் இரகசியமும் இதே எண்ணும் வித்தைதான் என்று அரசன் அதை நளனுக்குக் கற்றுக்கொடுக்க, நளன் பதிலுக்குக் குதிரை வித்தையைக் கொடுக்கிறான். ஒரு கைப்பிடியைப் பார்த்து முழுக் குவியலையும் மதிப்பிடும் கணக்கு நம்மவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு இந்தக் கதையை மேல்நாட்டு ஆய்வாளர்களே சான்று காட்டுகிறார்கள். நளனுக்குப் பகடை தெரியாமல் இருந்தது தீமை, தெரிந்தது நன்மை. நம் கமிட்டி இதைக் கவனிக்க வேண்டும்.

பச்சீசி என்ற பெயரில் வடக்கே ஆடியதும் நம் தாயத்தின் உறவுதான். பதேபூர் சிக்ரியில் அக்பரின் அரண்மனை முற்றத்தில் அதன் கட்டம் தரையிலேயே பதித்திருக்கிறது. அது இங்கிலாந்து போய் 1896-இல் லூடோ என்று காப்புரிமை பெற்று, நமக்கே திரும்பி வந்து, இப்போது பேரப்பிள்ளைகளின் போனில் குடியிருக்கிறது. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடும் பரமபதமும் அப்படித்தான், பாம்பு ஏணி ஆகிப்போய்த் திரும்பியது.

ஆனால் தாயத்தில் ஓடுபவர் யார் என்று கிடையாது. எல்லாக் காயும் ஒன்றே. குறிப்பிட்ட ஒரு விளையாட்டை அப்படியே பகடையில் கொண்டுவருவது பிற்காலத்து யோசனை. நாம் பள்ளியில் ஆடிய புத்தகக் கிரிக்கெட் அந்த வகைதான். பாடப்புத்தகத்தைப் பிரித்து இடப்பக்க எண்ணின் கடைசி இலக்கத்தை ரன்னாக எழுதுவோம், பூஜ்யம் வந்தால் அவுட். இடப்பக்கம் எப்போதும் இரட்டைப்படை, அதனால் ஐந்தில் ஒரு பந்துக்கு விக்கெட், ஒரு ரன் என்பதே கிடையாது. அமெரிக்காவில் ஹால் ரிச்மன் என்பவர் 1961-இல் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் என்ற பேஸ்பால் விளையாட்டை வெளியிட்டார். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஓர் அட்டை. அவருடைய உண்மையான புள்ளிவிவரங்களிலிருந்து தயாரித்தது. பகடை விழுவதை அட்டையில் பார்த்தால் என்ன நடந்தது என்று தெரியும். நல்ல ஆட்டக்காரர் நீண்ட நாளில் நன்றாகவே ஆடுவார், ஒருநாள் சொதப்புவார்.

தடகளத்துக்கு வருவோம். பத்துப் போட்டிகள் சேர்ந்த டெகத்லான் தடகளத்தின் பேரேடு மாதிரி. முதல் நாள் 100 மீட்டர், நீளம் தாண்டுதல், குண்டு எறிதல், உயரம் தாண்டுதல், 400 மீட்டர். மறுநாள் 110 மீட்டர் தடை ஓட்டம், வட்டெறிதல், கோலூன்றித் தாண்டுதல், ஈட்டி எறிதல், 1500 மீட்டர். விநாடியும் மீட்டரும் ஒரே பத்தியில் கூட்ட முடியாதே, அதனால் அட்டவணை வைத்து எல்லாவற்றையும் புள்ளியாக மாற்றுவார்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் தைவானின் சி.கே. யாங், அமெரிக்காவின் ரேஃபர் ஜான்சனைப் பத்தில் ஏழு போட்டிகளில் முந்தினார். தங்கம் 58 புள்ளி வித்தியாசத்தில் ஜான்சனுக்குப் போனது. எறியும் போட்டிகளில் விட்டது அவ்வளவு. பிறகு 1963-இல் யாங் உலக சாதனை படைத்தார், அடுத்த ஒலிம்பிக்குக்குள் அட்டவணையையே மாற்றிவிட்டார்கள், டோக்கியோவில் அவருக்கு ஐந்தாம் இடம். வட்டி விகிதம் மாறியதும் வைப்புத்தொகைக்காரர் படும் பாடுதான்.

நம்மவர் கதையும் உண்டு. 1974 டெஹ்ரான் ஆசிய விளையாட்டில் விஜய் சிங் சௌகான் டெகத்லான் தங்கம் வென்றார். அதன் பிறகு 49 ஆண்டுகள் அந்தப் போட்டியில் இந்தியாவுக்குப் பதக்கமே இல்லை. 2023-இல் ஹாங்சோவில் டெல்லித் தமிழர் தேஜஸ்வின் சங்கர் 7,666 புள்ளிகளுடன் வெள்ளி வாங்கினார். அதற்கு முந்தைய ஆண்டு காமன்வெல்த்தில் உயரம் தாண்டுதலில் வெண்கலம் வாங்கியவர் அவர்.

இந்த டெகத்லானைச் சாதாரண ஆறுமுகப் பகடை எட்டு வைத்து ஆடும்படி அமைத்தவர் ஜெர்மனியின் ரைனர் க்னிட்சியா. கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். 1997-இல் முழுநேரமாக விளையாட்டு வடிவமைக்க வரும்வரை வீட்டுக்கடன் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தார், அதாவது நம்ம ஜாதி. விதிகளை இலவசமாகவே இணையத்தில் கொடுத்திருக்கிறார்.

அழகு எங்கே என்றால், பத்துப் போட்டிக்கும் ஒரே பகடை, ஆனால் பத்தும் பத்து விதமாகக் கையைப் பதற வைக்கும். 100 மீட்டரில் நான்கு நான்காக உருட்டவேண்டும், பிடிக்காவிட்டால் மறுபடி உருட்ட ஏழு வாய்ப்பு. ஆறு விழுந்தால் கூட்டக்கூடாது, கழிக்க வேண்டும். தாயத்தில் ஆறு விழுந்தால் துள்ளுவோம், இங்கே தலையில் கைவைப்போம். நீளம் தாண்டுதலில் முதலில் ஓடிவரும் கட்டம்: சிறிய எண்களாக எடுத்துவைக்க வேண்டும், மொத்தம் எட்டைத் தாண்டினால் கோட்டை மிதித்ததாக அர்த்தம். எடுத்துவைத்த பகடைகளை வைத்துத்தான் அடுத்துத் தாண்டவேண்டும், அப்போது பெரிய எண் வேண்டும். வட்டெறிதலில் இரட்டைப்படை மட்டும் செல்லும், ஈட்டியில் ஒற்றைப்படை மட்டும்.

எனக்குப் பிடித்தது குண்டு எறிதல். பகடைகளை ஒவ்வொன்றாக உருட்டிக் கூட்டிக்கொண்டே போகலாம், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். ஒன்று விழுந்தால் அந்த முயற்சி பூஜ்யம். எப்போது நிறுத்துவது? ஒன்றைத் தவிர மற்ற ஐந்து முகங்களின் கூட்டுத்தொகை 2, 3, 4, 5, 6 ஆக 20. ஆகவே கையில் 20-க்குக் குறைவாக இருந்தால் உருட்டுவது லாபம், தாண்டிவிட்டால் நிறுத்துவது லாபம். ஆனால் மூன்று முயற்சிகளில் சிறந்தது ஒன்றுதான் கணக்கில் சேரும். முதல் முயற்சியில் நல்ல எண் எழுதிவிட்டால் அடுத்த இரண்டில் துணிந்து போகலாம். நேரு ஸ்டேடியத்தில் நிஜக் குண்டு எறிபவரும் இதைத்தான் செய்கிறார்: முதல் எறி பத்திரமாக, பிறகு முழு பலத்தோடு. உடம்பு இல்லாவிட்டாலும் அந்த முடிவெடுக்கும் நொடி அப்படியே கிடைக்கிறது.

இனி ஆட்சேபணை. அதை நான் லேசாக எடுக்கவில்லை. வேலையின் கடைசி ஆண்டுகளில், வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே முறிக்க வந்த சில பையன்கள் காரணம் சொல்லமாட்டார்கள். அம்மா பின்னால் அழுதுகொண்டு நிற்பார். பிறகு தெரியவரும், போனில் ரம்மி. தமிழ்நாடு அரசு 2022-இல் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் கொண்டுவந்ததும், 2025-இல் மத்திய அரசு பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையே தடை செய்ததும் சும்மா இல்லை. ஆனால் அங்கெல்லாம் குற்றவாளி பணயம். தருமர் வைத்ததும் நளன் வைத்ததும் நாடு. பரமபதத்தில் யாரும் எதுவும் வைக்கவில்லை, அதனால் அது கோயில் காரியமாகவே இருக்கிறது.

ஆகவே தீர்மானத்தில் இரண்டு வரி சேர்க்கும்படி செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நுழைவுக் கட்டணம் கிடையாது, பரிசு சான்றிதழ் மட்டும். எட்டுப் பகடையும் புள்ளித்தாளும் என் செலவு. விதிகளைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதிச் செக்யூரிட்டி மேசையில் வைத்திருக்கிறேன். 1500 மீட்டருக்கு மட்டும் முன்பே ஒரு எச்சரிக்கை: பகடையை ஒவ்வொன்றாகத்தான் உருட்டவேண்டும், மறுபடி உருட்ட ஐந்தே வாய்ப்பு. ஆரம்பத்திலேயே அவற்றைச் செலவழித்துவிட்டால் கடைசிச் சுற்றில் மூச்சு வாங்கும்.