குதிரைச் சேணத்திலிருந்து சைக்கிள் சீட் வரை

இடுப்பெலும்பின் அடியில் இரண்டு மேடுகள் உண்டு. திண்ணையில் உட்காரும்போது தரையில் அழுந்துபவை இவையே. நிமிர்ந்து உட்கார்ந்தால் உடலின் எடை இந்த மேடுகளில் இறங்கும். முன்னால் குனியக் குனிய இடுப்பும் கூடவே உருண்டு, எடை முன்பக்கத்துக்கு நகரும். ஒரு பங்கு கைகளுக்கும் போகும். சைக்கிள் சீட்டின் இருநூறு ஆண்டு வரலாறு பெரும்பாலும் இந்த எடையைத் தாங்கச் சரியான இடம் தேடிய வரலாறுதான்.

ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் 1817-இல் கார்ல் வான் டிரைஸ் ஓட்டிக் காட்டிய மர வண்டிக்குப் பெடல் கிடையாது. மெத்தை வைத்த சீட்டில் உட்கார்ந்து தரையைக் காலால் உந்த வேண்டும். கால் மாறி மாறி ஊன்றியதால் எடையில் ஒரு பங்கு தரைக்கே போனது. 1860-களில் பாரிஸில் பியர் மிஷோவின் பட்டறையிலிருந்து வந்த வண்டிகளில் முன்சக்கரத்தில் பெடல் இருந்தது. கால் தரையை விட்டது. பாரம் சீட்டின் மேல் விழுந்தது. இரும்புப் பட்டை போட்ட சக்கரங்கள் கல் பாவிய தெருவில் உருண்டதால், ஆங்கிலேயர் அதற்கு 'எலும்பு குலுக்கி' என்றே பெயர் வைத்தார்கள். நீண்ட எஃகு வில்லின் மேல் சீட்டை ஏற்றியும் குலுக்கல் அடங்கவில்லை.

1870-களில் பரவிய பெருஞ்சக்கர சைக்கிளில் பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்றுதான். வேகம் வேண்டுமானால் சக்கரம் பெரிதாக வேண்டும். ஆனால் அதன் மேல் உட்கார்ந்தவரின் கால் பெடலுக்கு எட்டவும் வேண்டும். தடித்த மெத்தைக்கு அங்கே இடமில்லை. தோலை முன்னும் பின்னும் இழுத்துக் கட்டித் தூளி போல அந்தரத்தில் நிறுத்தும் முறை இதற்குப் பொருந்தியது.

அந்த முறைக்குப் பெயர் வாங்கித் தந்தவர் ஜான் போல்ட்பீ புரூக்ஸ். 1866-இல் பர்மிங்காமில் குதிரைச் சேணமும் தோல் சாமான்களும் செய்யத் தொடங்கியவர். 1878-இல் அவருடைய குதிரை இறந்துபோக, இரவல் சைக்கிளில் வேலைக்குப் போனார், அதன் சீட்டில் உட்கார முடியாமல் புதிதாக ஒன்றைச் செய்யத் துணிந்தார் என்பது அந்த நிறுவனம் சொல்லிவரும் கதை. 1882-இல் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

இவ்வகை சீட்டில், அச்சில் அழுத்தி வடிவம் கொடுத்த தடித்த மாட்டுத்தோலை உலோகச் சட்டத்தின் மூக்கிலும் பின்வளைவிலும் ரிவெட் அடித்துப் பொருத்துவார்கள். நடுவில் தோலுக்கு அடியில் எதுவும் இல்லை. புதிதில் பலகை போல விறைத்திருக்கும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின், எலும்பு மேடுகள் அழுந்தும் இரண்டு இடங்களிலும் லேசாகக் குழி விழும். அதன்பின் அது அந்த ஒருவருடைய சீட். தோல் தொய்ந்தால் மூக்குக்கு அடியில் உள்ள நட்டைத் திருகி விறைப்பாக்கலாம்.

1885-இல் கோவென்ட்ரியில் ஜான் கெம்ப் ஸ்டார்லி வெளியிட்ட ரோவர் சைக்கிள் பின்சக்கரத்தைச் செயின் போட்டு ஓட்டியது. 1888-இல் ஜான் பாய்ட் டன்லப்பின் காற்று டயர் வந்தது. சக்கரத்தின் அளவுக்கும் காலின் நீளத்துக்கும் இருந்த முடிச்சு அவிழ்ந்ததால், சீட்டையும் ஹேண்டில்பாரையும் வேண்டிய உயரத்தில் வைக்க முடிந்தது. சீட் இரண்டு வழியாகப் பிரிந்தது இங்கேதான். பந்தயக்காரர் குனிந்தார், தொடை உராயாதபடி அவருடைய சீட் குறுகி நீண்டது. ஊருக்குள் ஓட்டுபவர் நிமிர்ந்தார். அவருடையது அகன்று, அடியில் சுருள் ஸ்பிரிங் பெற்றது. 1890-களில் பெண்கள் பெருமளவில் சைக்கிள் ஏறியபோது மருத்துவர்கள் சீட்டின் மூக்கு தரும் அழுத்தத்தைக் குறை கூறினார்கள். நடுவில் பிளவுபட்ட சீட்டுகளும் இரட்டை மெத்தை சீட்டுகளும் அப்போதே கடைக்கு வந்துவிட்டன.

இந்தியச் சாலைகளில் நிலைத்தது அந்த அகன்ற ஸ்பிரிங் சீட். சென்னை அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் நிறுவனத்தின் ஹெர்குலிஸ் போன்ற வண்டிகள் அதோடுதான் வந்தன. பால்காரரும் தபால்காரரும் நிமிர்ந்த முதுகோடு மேடுபள்ளத்தில் ஓட்டுவதற்கு அது ஏற்றது. மழையில் நனைந்தால் தோல் தொய்ந்துவிடும். அதனால் சீட்டுக்கு உறை போடுவது வழக்கமாகி, குஞ்சம் தொங்கும் சீட் கவர் தனி அலங்காரமாகவே ஆனது.

1960-களில் இத்தாலியில் பிளாஸ்டிக் ஓட்டின் மேல் செய்த பந்தய சீட்டுகள் பரவின. அவை எடை குறைந்தவை; மழைக்கு அஞ்ச வேண்டியதில்லை. பிறகு நுரை மெத்தையும் ஜெல்லும் வந்தன. 1990-இல் செல்லே இத்தாலியா டைட்டானியக் கம்பிகள் கொண்ட 'ஃப்ளைட்' சீட்டை வெளியிட்டது. ஆனால் மென்மை வேறு, சுகம் வேறு. மிருதுவான மெத்தையில் எலும்பு மேடுகள் அமிழ, நடுவில் மெத்தை மேலெழுந்து நரம்பும் ரத்தக்குழாயும் ஓடும் பகுதியை அழுத்தும். 1997-இல் பாஸ்டன் மருத்துவர் இர்வின் கோல்ட்ஸ்டைன் இந்த அழுத்தம் ஆண்மைக் குறைவை உண்டாக்கும் என்று எச்சரித்தது பெரும் விவாதமானது. அதைத் தொடர்ந்து நடுவில் பள்ளம் வெட்டிய சீட்டுகள் பெருகின. 2008-இல் வெளியான அமெரிக்க அரசு ஆய்வில், சைக்கிளில் ரோந்து போகும் 90 போலீஸ்காரர்கள் மூக்கில்லாத சீட்டை 6 மாதம் பயன்படுத்தினர். அந்தப் பகுதியின் அழுத்தம் வெகுவாகக் குறைந்தது.

இன்றைய தேர்விலும் அதே கணக்குத்தான். கடைத்தெருவுக்கு நிமிர்ந்து போகும் வண்டிக்கு அகன்ற ஸ்பிரிங் சீட். நெடும்பயணத்துக்கு நடுத்தர அகலமும் உறுதியும். பந்தயத்துக்குக் குறுகலான, பள்ளம் வெட்டிய சீட். மிகத் தாழக் குனிந்து நேரத்தோடு போட்டியிடுபவருக்கு மூக்கு குட்டையானது. எலும்பு மேடுகளின் இடைவெளி ஆளுக்கு ஆள் மாறும். நெளிவு அட்டையின் மேல் உட்கார்ந்து எழுந்து, விழுந்த இரண்டு பள்ளங்களின் நடுத் தூரத்தை அளந்தால் அது தெரிந்துவிடும். சீட்டின் அகலம் அதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும்.

1890-களில் விற்பனைக்கு வந்த புரூக்ஸ் பி17 தோல் சீட், பர்மிங்காமை அடுத்த ஸ்மெத்விக்கில் இன்றும் ரிவெட் அடித்தே தயாராகிறது.