இறங்குகிற முள்

பூ விற்பவனையும் மீன் விற்பவனையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தால் நம்மவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். ஆனால் இருவர் கவலையும் ஒன்றுதான். இன்று விற்காதது நாளைக்குக் குப்பை. நெல்லைக் குதிரில் கொட்டிவிட்டு நல்ல விலைக்குக் காத்திருக்கலாம்; ரோஜாவுக்கு ஏது குதிர்? விளைவித்தவனுக்கு அவசரம், வாங்குகிறவனுக்கு அவசரமில்லை. தரகர்கள் பிழைத்ததெல்லாம் இந்த வித்தியாசத்தில்தான்.

ஹாலந்து என்றதும் பலருக்கு 1637-ஆம் வருஷத்து டூலிப் பைத்தியம் நினைவுக்கு வரும். ஒரு கிழங்குக்கு வீட்டையே எழுதிக் கொடுத்தார்கள், தேசமே திவாலாயிற்று என்பது கதை. பிற்காலத்துச் சரித்திர ஆசிரியர்கள் பழைய தஸ்தாவேஜுகளைப் புரட்டிப் பார்த்து, அப்படி அழிந்துபோனவர்கள் மிகச் சிலரே என்று சொல்லிவிட்டார்கள். கதை எழுதிப் பிழைக்கிறவனாகிய எனக்கு இதில் கொஞ்சம் வருத்தந்தான். தவிரவும், அங்கே கைமாறியது பூ அல்ல. பெரும்பாலும் மண்ணுக்குள் கிடந்த கிழங்கின் பேரில் செய்த ஒப்பந்தம்.

நான் சொல்ல வந்தது ஆம்ஸ்டர்டாமுக்கு அருகிலுள்ள ஆல்ஸ்மீர் என்ற ஊரைப் பற்றி. ஒரு காலத்தில் அங்கே ஸ்ட்ராபெரிப் பழந்தான் பிரசித்தம். ஊர்க் கொடியில் இன்றும் உள்ள சிவப்புப் பட்டை அந்தப் பழத்தைக் குறிக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கண்ணாடி வீடுகளில் ரோஜா வளர்க்க ஆரம்பித்தார்கள். பூவைப் படகில் ஏற்றி ஆம்ஸ்டர்டாமுக்குக் கொண்டுபோனால் வியாபாரி சொன்னதுதான் விலை. திரும்பக் கொண்டுவந்து என்ன செய்வது? 1911 டிசம்பரில் ஒரு காப்பிக் கடையில் கூடி, 'ப்ளூமன்லஸ்ட்' என்ற சங்கத்தின் பெயரில் தாங்களே ஏலம் போடத் தொடங்கினார்கள். 1912-இல் அதே ஊரில் போட்டியாக இன்னொரு சங்கம் முளைத்தது! நம் ஊர்ப் பஜனை மடங்கள் ஞாபகத்துக்கு வருகின்றன அல்லவா? இரண்டும் ஒன்று சேர 1968 வரை ஆயிற்று.

அவர்கள் ஏலத்தில் விலை ஏறுவதில்லை, இறங்குகிறது. சுவரில் பெரிய கடியாரம். அதன் முள் உச்ச விலையிலிருந்து சரிந்துகொண்டே வரும். முதலில் பொத்தானை அழுத்தியவனுக்குச் சரக்கு. பொறுத்தால் மலிவு, இன்னும் பொறுத்தால் பக்கத்து நாற்காலிக்காரன் கொண்டுபோய்விடுவான். விளைவித்தவன் தலையில் இருந்த அவசரத்தை இறக்கி வாங்குகிறவன் தலையில் வைத்துவிட்டார்கள்! குறிப்பிட்ட விலைக்குக் கீழே முள் போனால் பூவை விற்காமல் அழித்தும் விடுவார்கள்.

ஆனால் கடியாரத்தால் பஞ்சாங்கத்தை வெல்ல முடியவில்லை. பிப்ரவரி 14-க்குச் சிவப்பு ரோஜா, மார்ச் 8 மாதர் தினத்துக்குக் கிழக்கு ஐரோப்பா முழுவதற்கும் பூ, மே மாதத்தில் அன்னையர் தினம், நவம்பர் முதல் தேதி பிரான்ஸில் கல்லறைகளுக்குச் செவ்வந்தி. மறுநாள் அந்தச் செவ்வந்தியைச் சீந்துவாரில்லை. போதாக்குறைக்கு, கிராக்கி உச்சத்தில் இருக்கும் பிப்ரவரியில்தான் ஹாலந்தில் வெயிலே இருக்காது. கண்ணாடி வீட்டுக்கு விளக்கும் வேண்டும், சூடும் வேண்டும். 1959-இல் க்ரோனிங்கன் மாகாணத்தில் எரிவாயு அகப்பட்டது அவர்கள் அதிர்ஷ்டம். அதே வாயுவின் விலை 2021, 2022-இல் விண்ணுக்கு ஏறியபோது பலர் கண்ணாடி வீட்டைக் காலியாகவே போட்டுவிட்டார்கள். இதற்குள் கென்யாவும் எத்தியோப்பியாவும் சூடு தேவையில்லாத ரோஜாவை விமானத்தில் அனுப்பத் தொடங்கியிருந்தன. நம் ஓசூர்க்காரர்களுக்கும் இந்தக் கணக்கு அத்துப்படி. பிப்ரவரிப் பூவுக்காக டிசம்பரிலேயே செடியைக் கவாத்து செய்கிறார்கள். நடுவில் வெயில் கொஞ்சம் கூடினால் போதும், மொட்டு ஒரு வாரம் முந்தி மலர்ந்துவிடும். உழைப்பு அதே உழைப்புத்தான். விலை மட்டும் வேறு.

2020 மார்ச் 8-க்கு ஆல்ஸ்மீரில் வழக்கமான கூட்டம். அடுத்த வாரமே ஐரோப்பாவில் கொள்ளை நோய்க்குப் பயந்து கடைகளை அடைத்தார்கள். முள் சரிந்தது, பொத்தானை அழுத்தக் கை இல்லை. டூலிப்பும் ரோஜாவும் வண்டி வண்டியாகக் குப்பைக்குப் போயின. கண்ணாடி வீடுகளில் செடிகள் பாட்டுக்கு மறுநாளைக்கான மொட்டுகளை விட்டுக்கொண்டிருந்தன. அவற்றையும் வெட்டித்தான் ஆகவேண்டும், வெட்டாவிட்டால் செடி கெட்டுவிடும். ஆகவே கூலி கொடுத்து வெட்டினார்கள், வண்டி வாடகை கொடுத்துக் கொட்டினார்கள். அன்னையர் தினம் வருவதற்கு இன்னும் எட்டு வாரம் இருந்தது.