2015 ஆர்-ஜிடி கோப்பை

2015 ஆர்-ஜிடி கோப்பை என்பது ஜிடி வகைத் தானுந்துகளுக்காகப் பன்னாட்டுத் தானுந்துக் கூட்டமைப்பு (எஃப்.ஐ.ஏ.) நடத்திய ரேலிப் போட்டித் தொடரின் முதலாவது பருவம் ஆகும். ஐந்து சுற்றுகளைக் கொண்ட இத்தொடர் முழுவதும் தார்ச்சாலை ரேலிகளைக் கொண்டே அமைக்கப்பட்டது. பிரான்சைச் சேர்ந்த பிரான்சுவா டெலெகூர், போர்ஷே 997 ஜிடி3 தானுந்தை ஓட்டி முதல் வாகையாளர் ஆனார்.

ஜிடி என்பது 'கிராண்ட் டூரிங்' என்பதன் சுருக்கம். நெடுந்தொலைவை விரைவாகவும் வசதியாகவும் கடப்பதற்கென உருவாக்கப்பட்ட ஆற்றல்மிக்க தானுந்துகள் இப்பெயரால் அழைக்கப்படுகின்றன. இவற்றைப் பெரும்பாலும் ஓடுதளப் பந்தயங்களிலேயே காணலாம். ரேலி அதிலிருந்து வேறுபட்டது. பொதுமக்கள் பயன்படுத்தும் சாலைகள் தற்காலிகமாக மூடப்பட்டு, தானுந்துகள் இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக அனுப்பப்படும். ஓட்டுநரின் போட்டி கடிகாரத்துடன்தான். அருகில் அமரும் இணை ஓட்டுநர், முன்னரே எழுதிவைத்த குறிப்புகளைப் படித்து அடுத்து வரும் வளைவின் தன்மையைச் சொல்லிக்கொண்டே வருவார்.

பின்னணி

ஜிடி தானுந்துகள் ரேலிக்குப் புதியவை அல்ல. மொன்டே கார்லோ ரேலியில் 1968இல் விக் எல்ஃபர்டும், 1969, 1970 ஆகிய ஆண்டுகளில் பியோன் வால்டெகோர்டும் போர்ஷே 911 ஓட்டி வென்றனர். 1973இல் உலக ரேலித் தொடர் தொடங்கப்பட்டபோது தயாரிப்பாளர்களுக்கான முதல் பட்டத்தைப் பெற்றது அல்பீன் ஏ110 என்னும் சிறிய பிரெஞ்சுத் தானுந்து. 1978இல் ழான்-பியேர் நிக்கோலா மொன்டே கார்லோவிலும், 1980இல் ழான்-லுக் தெரியே கோர்சிகாவிலும் போர்ஷே 911 மூலம் வெற்றி பெற்றனர்.

இவை மறைந்துபோனதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. 1981 முதல் அவுடி குவாட்ரோவின் நான்கு சக்கர இயக்கம், இரு சக்கர இயக்கத் தானுந்துகளைப் பின்னுக்குத் தள்ளியது. இரண்டாவது காரணம் விதி சார்ந்தது. 1987இல் 'குரூப் ஏ' தானுந்துகள் உலக ரேலியின் முதன்மைப் பிரிவாயின. இதில் ஒரு மாதிரி தகுதி பெற வேண்டுமானால் ஓர் ஆண்டுக்குள் 5,000 வண்டிகள் தயாரிக்கப்பட்டிருக்க வேண்டும். விலையுயர்ந்த ஜிடி மாதிரிகள் அத்தனை எண்ணிக்கையில் விற்பனை ஆவது கடினம். 1993இல் இவ்வெண்ணிக்கை 2,500 ஆகக் குறைக்கப்பட்டபோதும் நிலைமை மாறவில்லை. ஆக, வேகத்தில் பின்தங்கியதை விட, தொழிற்சாலையின் உற்பத்திக் கணக்கே இவ்வகைத் தானுந்துகளுக்குக் கதவை அடைத்தது எனலாம்.

ஆர்-ஜிடி பிரிவு

எஃப்.ஐ.ஏ. 2011இல் ஆர்-ஜிடி என்னும் பிரிவை உருவாக்கியது. அதே ஆண்டு ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் லோட்டஸ் நிறுவனம் இப்பிரிவுக்கான எக்சீஜ் தானுந்தைக் காட்சிப்படுத்தியது. எனினும் அம்முயற்சி நீடிக்கவில்லை. தயாரிப்பு நிறுவனமே முன்வந்து தன் மாதிரிக்கு ஒப்புதல் பெற வேண்டும் என்ற நிலை இருந்ததால் பிற நிறுவனங்களும் ஆர்வம் காட்டவில்லை. பிரிவு பெயரளவில் மட்டுமே இருந்தது.

இதனை மாற்றியது ஓர் ஆவணமே. நிறுவனத்தின் ஒப்புதலுக்குக் காத்திராமல், ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியே தொழில்நுட்பக் கடவுச்சீட்டு வழங்கும் முறையை எஃப்.ஐ.ஏ. ஏற்றுக்கொண்டது. அதன்பின் ஒரு சிறிய பட்டறை கூட ஒரேயொரு தானுந்தை விதிப்படி கட்டி உலகத் தொடரின் தொடக்கக் கோட்டிற்குக் கொண்டுவர முடிந்தது. இங்கிலாந்தின் ஆக்சுபோர்டுசயரில் பழைய போர்ஷே ரேலித் தானுந்துகளைக் கட்டிவரும் டட்ஹில் பட்டறை இதை முதலில் பயன்படுத்தியது. 2011இல் வால்டெகோர்டு கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி கிளாசிக் ரேலியை வென்ற 911, இப்பட்டறையில் உருவானதே. 2014 ஆகத்தில் நடந்த ஜெர்மனி ரேலியில் ரிச்சர்ட் டட்ஹில் தம் பட்டறையின் 997 ஜிடி3 தானுந்தைத் தாமே ஓட்டினார். அடுத்த ஆண்டு இப்பிரிவுக்கெனத் தனிக் கோப்பை அறிவிக்கப்பட்டது.

இப்பிரிவின் தானுந்துகளில் இரண்டு சக்கரங்கள் மட்டுமே உந்தப்படலாம். பொறிக்குள் செல்லும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தி மூலம் குறைத்து, எடைக்கும் ஆற்றலுக்கும் உள்ள விகிதம் சமன் செய்யப்படுகிறது. வெவ்வேறு அளவுப் பொறிகளைக் கொண்ட தானுந்துகள் ஒரே பிரிவில் போட்டியிட இது வழிசெய்கிறது.

போர்ஷே 911 குடும்பத்தில் பொறி பின் அச்சுக்கும் பின்னால் அமைந்துள்ளது. அந்த எடை, உந்தும் சக்கரங்களைச் சாலையோடு அழுத்துவதால் வழுக்கும் தரையில் கிளம்புவதற்கு இது ஏற்றது. மாறாக, வளைவின் நடுவே ஓட்டுநர் திடீரென முடுக்கியை விட்டால் பின்பகுதி ஊசல் போல் வெளியே வீசப்படும். ஓடுதளத்தில் இப்பிழைக்கு ஓரளவு இடம் உண்டு. மலைச்சாலையில் வளைவுக்கு வெளியே இருப்பது பாறை அல்லது பள்ளம்.

சுற்றுகள்

கோப்பைக்கெனத் தனி ரேலிகள் நடத்தப்படவில்லை. மொன்டே கார்லோ, ஜெர்மனி, கோர்சிகா ஆகிய மூன்றும் உலக ரேலித் தொடரிலிருந்தும், பெல்ஜியத்தின் ஈப்பர், சுவிட்சர்லாந்தின் வலே ஆகிய இரண்டும் ஐரோப்பிய ரேலித் தொடரிலிருந்தும் எடுத்துக்கொள்ளப்பட்டன. ஆர்-ஜிடி தானுந்துகளுக்கு இடையிலான வரிசையைக் கொண்டே புள்ளிகள் வழங்கப்பட்டன. முதலிடத்துக்கு 25, இரண்டாமிடத்துக்கு 18, மூன்றாமிடத்துக்கு 15 என இவை அமைந்தன.

'தார்ச்சாலை' என்ற ஒரே சொல் இந்த ஐந்தையும் குறித்தாலும், அவற்றின் தன்மை ஒன்றுக்கொன்று தொடர்பற்றது. சனவரியில் நடந்த மொன்டே கார்லோவில் மலையின் ஒரு பக்கம் உலர்ந்த தாரும் மறுபக்கம் உறைபனியும் இருக்கும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே டயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சூன் மாதத்து ஈப்பரில் மலையே இல்லை. வயல்களுக்கு நடுவே ஒடுங்கிய நேர்ச்சாலைகள், இருபுறமும் வாய்க்கால்கள். முன்னே சென்றவர்கள் வளைவின் உட்புறத்தை அறுத்துச் செல்வதால் சேறு சாலையில் ஏறி, பின்னால் வருபவர்களுக்கு வழுக்கும்.

ஆகத்து மாதம் திரியர் நகரை மையமாகக் கொண்டு நடந்த ஜெர்மனி ரேலி, மோசல் ஆற்றங்கரைத் திராட்சைத் தோட்டச் சந்துகளையும் பவும்ஹோல்டர் இராணுவப் பயிற்சி நிலத்தையும் உள்ளடக்கியது. பயிற்சி நிலத்தில் பீரங்கி வண்டிகள் சாலையை விட்டு விலகாதிருக்க 'ஹிங்கெல்ஷ்டைன்' எனப்படும் பெருங்கற்கள் நடப்பட்டுள்ளன. பீரங்கி வண்டியைத் தடுக்கும் கல் போட்டித் தானுந்தை என்ன செய்யும் என்பதை விளக்கத் தேவையில்லை.

'பத்தாயிரம் வளைவுகளின் ரேலி' எனப் பெயர்பெற்ற கோர்சிகா, அக்டோபர் தொடக்கத்தில் பெருமழையில் சிக்கியது. சாலைகளில் வெள்ளம் புகுந்ததால் போட்டியின் ஒரு பகுதி கைவிடப்பட்டது. நான்கு சக்கர இயக்கம் இல்லாத ஆர்-ஜிடி வண்டிகளுக்கு இத்தகைய ஈரச்சாலை கடினமான சோதனை. ஆல்ப்சு மலையில் நடந்த வலே ரேலியுடன் பருவம் முடிந்தது.

வாகையாளர்

டெலெகூர் 1962இல் வடக்கு பிரான்சில் பிறந்தவர். 1991 மொன்டே கார்லோவில் முன்னணியில் இருந்தபோது, கடைசிக் கட்டத்தில் சஸ்பென்ஷன் உடைந்து மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். 1993இல் போர்ச்சுகல், கோர்சிகா, கத்தலோனியா ஆகிய மூன்று ரேலிகளை ஃபோர்டு எஸ்கார்ட் மூலம் வென்று, உலகத் தொடரில் இரண்டாமிடம் பெற்றார். 1994இல் மொன்டே கார்லோவையும் வென்ற அவர், அதே ஆண்டில் பொதுச்சாலை விபத்தொன்றில் கால்களில் படுகாயமடைந்தார். உலக ரேலி வாகையாளர் பட்டம் அவருக்குக் கிடைக்கவேயில்லை. ஆர்-ஜிடி கோப்பையை வென்றபோது அவருக்கு வயது 53.

ஒவ்வொரு சுற்றிலும் மிகச் சில ஆர்-ஜிடி தானுந்துகளே கலந்துகொண்டன. ஆகவே இப்பட்டத்தை 1990களில் அவர் தவறவிட்ட பட்டத்தோடு ஒப்பிடுவது பொருந்தாது. ஆனால் போட்டியாளர்களைக் குறைவாக எடைபோட முடியாது. அவர்களுள் ஒருவரான ரொமான் டூமா, 2010இல் லே மான் 24 மணிநேரப் பந்தயத்தை அவுடி அணிக்காக வென்றவர்.

பிந்தைய பருவங்கள்

2016ஆம் ஆண்டுக் கோப்பையை டூமா போர்ஷே மூலம் வென்றார். அதே ஆண்டு லே மான் பந்தயத்தையும் அவர் இடம்பெற்ற போர்ஷே அணி வென்றது. தனிப் பட்டறைகள் திறந்த வழியில் தயாரிப்பு நிறுவனங்களும் பின்னர் வந்தன. 2017 மொன்டே கார்லோவில் அபார்த் 124 ரேலி அறிமுகமானது. அதை ஓட்டியவர்களுள் டெலெகூரும் ஒருவர். அத்தானுந்து 2018இல் ரஃபாயேல் அஸ்தியேவுக்கும், 2019இல் என்ரிக்கோ பிராத்சோலிக்கும் கோப்பையைப் பெற்றுத் தந்தது. 2021இல் பியேர் ராக் வென்ற தானுந்தின் பெயர் அல்பீன் ஏ110. அது 1973ஆம் ஆண்டு வண்டி அல்ல. அதே பெயரில் 2017இல் மீண்டும் தயாரிக்கத் தொடங்கப்பட்ட புதிய மாதிரி.