வழிகாட்டும் விண்கோளும் வழக்கொழியும் ஊர்ப்பெயரும்

வழியறிந்தவன் வழியறியாதவனுக்கு வழி சொல்லுதலைத் தமிழர் ஓர் அறமாகவே போற்றினர். பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையுற்று எதிர்வரும் கலைஞனை வள்ளலிடம் ஆற்றுப்படுத்துவதையே பொருளாகக் கொண்டு நம் மொழியில் ஒரு நூல்வகை எழுந்தது. பத்துப்பாட்டுள் சரிபாதி ஆற்றுப்படை நூல்களே. அவற்றுள் மலைபடுகடாம், செல்லும் வழியில் எதிர்ப்படும் இடர்களை ஒவ்வொன்றாக எடுத்துரைத்து எச்சரிக்கிறது. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில், மாங்காட்டு மறையோன் மதுரைக்குச் செல்லும் மூன்று வழிகளையும் கோவலனுக்கு விரித்துரைக்கிறான்.

இன்று மகிழுந்தில் பொருத்தப்பெறும் செயற்கைக்கோள் வழிகாட்டி செய்வதும் இப்பணியே. ஆயின், மறையோன் சொன்ன வழியில் குளமும் மலையும் பெயரோடு விளங்கின. நம் கருவி காட்டும் வழியில் நம் ஊர்ப்பெயர்கள் விளங்குகின்றனவா? இக்கருவியின் வரலாற்றைச் சுருங்கக் கூறி, இவ்வினாவை ஆசிரியர், மாணவர் முன்னே வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடலில் வழி கண்டோர்

சோழமண்டலக் கரையின் மாலுமிகள் இராப்பலகை என்னும் கருவியைக் கையாண்டனர். சிறு மரப்பலகை ஒன்று. அதன் நடுவே முடிச்சுகள் இட்ட கயிறு ஒன்று. கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, பலகையின் கீழ்விளிம்பு கடலின் தொடுவானத்தையும் மேல்விளிம்பு துருவ மீனையும் தொடும்படி பிடிப்பர். அப்போது பல்லில் அகப்படும் முடிச்சு எதுவோ, அதுவே கப்பல் நிற்கும் இடத்தின் அளவு. ஒவ்வொரு முடிச்சும் ஒரு துறைமுகத்தைக் குறித்தது. 1850ஆம் ஆண்டில் கேப்டன் காங்கிரீவ் என்னும் ஆங்கிலேயர் சென்னை ஆய்விதழ் ஒன்றில் இம்மாலுமிகளின் கருவிகளைப் பற்றி எழுதியுள்ளார்.

நம் ஜொகூர் பாருவோ நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ ஒன்றரைப் பாகையில் உள்ளது. இங்குத் துருவ மீன் தொடுவானத்தோடு ஒட்டிக் கிடப்பதால் இராப்பலகை பயன்படாது. எனினும் அக்கருவி உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. அளவைத் தந்தது விண்மீன். அந்த அளவுக்கு ஊர்ப்பெயரைத் தந்தவன் முடிச்சிட்ட மனிதன். இவ்வுண்மை இன்றும் மாறவில்லை.

விண்கோள் வழிகாட்டி பிறந்த கதை

1957ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் சோவியத் நாடு ஸ்புட்னிக் என்னும் முதற் செயற்கைக்கோளை விண்ணில் ஏவியது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய கையர், வைஃபன்பாக் என்னும் இருவர், அக்கோள் எழுப்பிய வானொலி ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டே அதன் பாதையைக் கணித்தனர். தரையில் நிற்பவன் தன் இடத்தை அறிந்திருந்தால் கோளின் இடத்தைக் கணிக்கலாம் எனின், கோளின் இடத்தை அறிந்தவன் தன் இடத்தைக் கணிக்கலாகாதா? இவ்வினாவிலிருந்து பிறந்ததே கடற்படைக்கு வழிகாட்டிய டிரான்சிட் என்னும் ஏற்பாடு.

1973ஆம் ஆண்டில் அமெரிக்கப் படைத்துறை ஜி.பி.எஸ். திட்டத்தை வகுத்தது. அதன் முதற்கோள் 1978ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஏவப்பட்டது. 1983 செப்டம்பர் 1ஆம் நாள், வழி தவறிச் சோவியத் வான்வெளிக்குள் நுழைந்த தென்கொரியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர் மாண்டனர். அதன்பின் அதிபர் ரேகனின் அரசு, இவ்வமைப்பு முழுமை பெற்றதும் உலக மக்கள் அனைவருக்கும் கட்டணமின்றித் திறந்துவிடப்படும் என அறிவித்தது. 1995ஆம் ஆண்டில் 24 கோள்களோடு அது முழுமை பெற்றது.

இக்கோள்கள் 20,000 கிலோமீட்டருக்கும் மேலான உயரத்தில் சுழல்கின்றன. ஒவ்வொன்றிலும் அணுக்கடிகாரம் உண்டு. நேரத்தையும் தன் இருப்பிடத்தையும் கோள் இடைவிடாது ஒலிபரப்புகிறது. அக்குறி நம்மை வந்தடைய எடுத்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தொலைவு கிடைக்கும். மூன்று கோள்களின் தொலைவு இடத்தை உணர்த்த, நான்காவது கோள் நம் கருவியின் கடிகாரப் பிழையைத் திருத்துகிறது. நொடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தால் தொலைவில் 300 மீட்டர் பிழைபட்டுவிடும்.

தொடக்கத்தில் பொதுமக்களுக்குரிய குறியில் வேண்டுமென்றே பிழை சேர்க்கப்பட்டிருந்தது. கணக்கு 100 மீட்டர் வரை தவறும். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அதிபர் கிளிண்டனின் ஆணையால் அப்பிழை நீக்கப்பட்டது. எந்தச் சந்தியில் திரும்புவது என்று கருவி தெளிவாகச் சொல்லுதல் அதனால் எளிதாயிற்று.

மகிழுந்துக்கு வந்த வழி

விண்கோளின் துணையின்றியே மகிழுந்துக்கு வழிகாட்ட முயன்றவர்களும் உண்டு. 1981இல் ஜப்பானின் ஹோண்டா நிறுவனம், வண்டி திரும்புவதையும் ஓடிய தொலைவையும் அளந்து, திரையின்மேல் செருகிய நிலப்படத் தகட்டில் இடத்தைக் காட்டும் கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தது. 1985இல் அமெரிக்காவில் ஈடாக் என்னும் கருவி வந்தது. 1990இல் ஜப்பானின் மஸ்டா நிறுவனம் ஜி.பி.எஸ். வழிகாட்டியை உள்ளமைத்த மகிழுந்தை வெளியிட்டது. 2000க்குப் பின் கையடக்கக் கருவிகள் கடைகளில் குவிந்தன. இன்று அப்பணியைப் பெரும்பாலும் கைப்பேசியே செய்துவிடுகிறது.

தேர்தலும் பொருத்தலும்

2007ஆம் ஆண்டில் நானும் அத்தகைய கருவி ஒன்றை ஜொகூர் பாருவில் வாங்கினேன். கடைக்காரர் திரையின் அகலத்தையும் குரலின் இனிமையையும் எடுத்துரைத்தார். நானும் அவற்றையே பார்த்தேன். பார்த்திருக்க வேண்டியவை வேறு: இக்கருவியின் நிலப்படத்தை வரைந்தவர் யார்? எந்த ஆண்டில் வரைந்தனர்? பிழை கண்டால் திருத்த இயலுமா?

பொருத்துதல் எளிதே. முன்கண்ணாடியின் ஓரத்தில், ஓட்டுநரின் பார்வையை மறைக்காத இடத்தில், உறிஞ்சு கிண்ணத்தால் ஒட்டவைக்க வேண்டும். கருவி வானத்தைத் தடையின்றிக் காண வேண்டும். வெயிலுக்காக ஒட்டும் கறுப்புத் தாளில் உலோகப் பூச்சு இருந்தால் குறி நலிந்துவிடும். முதன்முறை கோள்களைக் கண்டறியச் சில நிமிடம் பொறுத்திருத்தலும் வேண்டும்.

பதினெட்டாம் கட்டை

அடுத்த வாரமே குளுவாங் வட்டாரத்தின் உட்புறத்திலுள்ள தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆசிரியர்க்குப் பயிலரங்கு நடத்தச் சென்றேன். நெடுஞ்சாலை வரையில் கருவி பிழையின்றி வழிகாட்டியது. அதன்பின் செம்பனைக் காட்டின் நடுவே, ஒரு மண்சாலையின் முடிவில், வந்து சேர்ந்துவிட்டதாக இனிய குரலில் அறிவித்தது. சுற்றிலும் பள்ளியுமில்லை, ஆளுமில்லை. திரையில் என் வண்டி மட்டும் ஒரு வெற்றிடத்தில் நின்றது.

வந்த வழியே திரும்பி, எதிர்ப்பட்ட மூதாட்டி ஒருவரிடம் தோட்டத்தின் ஆங்கிலப் பெயரைச் சொல்லிக் கேட்டேன்.

"அந்தப் பேரெல்லாம் எனக்குத் தெரியாது சார். பதினெட்டாங் கட்டைக்குப் போங்க. மாரியம்மன் கோயில் வரும். அங்க வலப்பக்கம் திரும்புனா ஸ்கூல்."

"பதினெட்டாம் கட்டைக்கு அடையாளக் கல் இருக்கிறதா, பாட்டி?"

"கல்ல எடுத்து ரொம்ப வருசம் ஆச்சு. கோயில் இருக்குல்ல?"

பத்து நிமிடத்தில் பள்ளியை அடைந்தேன்.

அவ்வம்மையார் வாய்மொழியில் ஒரு வரலாறு அடங்கியிருந்தது. மலாய்மொழியில் 'பத்து' என்றால் கல். மைல்கல்லையும் அது குறிக்கும். நம் முன்னோர் அதனைக் கட்டை என்றனர். சாலையோரக் கல்லின் எண்ணே ஊரின் பெயராயிற்று. 1972ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்தை ஒட்டி நாடு மீட்டர் முறைக்கு மாறியது. மைல்கற்கள் மறைந்து கிலோமீட்டர்க் கற்கள் வந்தன. கல் போயினும் கட்டை மக்கள் நாவில் நிலைத்தது.

தோட்டங்களின் கதையும் இத்தகையதே. நிறுவனம் ஆங்கிலத்தில் ஒரு பெயரிட, அங்கு உழைத்த தமிழர் தம் வாய்க்கு இசைந்த வேறொரு பெயரால் வழங்கினர். பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அதைத் தடுக்கும் முயற்சியாகவே 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். தமிழ்ப்பெயரைச் சொல்லும் நாவும் அங்கு அருகிவிட்டது.

நம் கடமை

நிலப்படத்தின் குறையைப் பொதுமக்களே நீக்க முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. மால்ஃபிரீமேப்ஸ் என்னும் பெயரில் தன்னார்வலர் பலர் கூடி, தாம் ஓட்டிச் சென்ற சாலைகளைப் பதிவு செய்து, மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் இலவச நிலப்படம் உருவாக்கினர். 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் உலகெங்கும் இவ்வாறே வளர்ந்தது. அதில் ஓர் இடத்தின் மலாய்ப்பெயரோடு தமிழ்ப்பெயரையும் தனியே பதிய இடமுண்டு.

அண்மையில் என் பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவரிடம், தாத்தா பாட்டி பிறந்த தோட்டத்தின் பெயரைக் கேட்டு வரச் சொன்னேன். பெரும்பாலானவற்றின் இருப்பிடத்தை நிலப்படத்தில் கண்டோம். அவற்றின் பெயர்களைப் பதிவும் செய்தோம். ஒரு மாணவி கொணர்ந்த பெயர் மட்டும் எங்குள்ளதெனத் தெரியவில்லை. "பாட்டியைக் கேட்டு வா" என்றேன். "பாட்டி போன வருசமே இறந்துட்டாங்க சார். அப்பாவுக்குப் பேரு மட்டும்தான் தெரியும்" என்றாள். அப்பெயரைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தோம். நிலப்படத்தில் எழுத எங்களுக்கு இடம் தெரியவில்லை.

விண்ணில் சுழலும் கோளுக்கு எண் மட்டுமே தெரியும், பெயர் தெரியாது. பெயரை மனிதன்தான் எழுத வேண்டும். ஆசிரியப் பெருமக்களே, மாணவமணிகளே! இவ்விடுமுறையில் உங்கள் வீட்டு முதியோரை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவர்கள் பிறந்த தோட்டத்திற்குச் செல்லுங்கள். கருவியின் குரலைச் சற்றே அடக்கிவிட்டு, அவர்களை வழி சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் சொல்லும் பெயரை, அவர்கள் இருக்கும்போதே, உரிய இடத்தில் எழுதி வையுங்கள்.