லியோன்: தள்ளிப்போன தேதியில் பிறந்த திருவிழா

ஆபீஸ் வேலையாக பிரான்ஸ் போயிருந்தபோது, ஒரு டிசம்பர் 8 அன்று லியோன் நகரில் இருக்க வாய்த்தது. அங்கே நான்கு இரவுகள் ஒளித் திருவிழா. கூட்டம் சுமார் 20 லட்சம். செயின்ட் ஜான் பேராலயத்தின் முகப்புதான் திரை. ப்ரொஜெக்டர் ஒளியில் கல் தூண்கள் சரிந்து விழுந்து மறுபடி எழுகின்றன. இன்னொரு இடத்தில், கையை ஆட்டினால் நிறம் மாறும் விளக்குகள். சென்சார் எங்கே இருக்கிறது என்று தேடியதிலேயே பத்து நிமிஷம் போச்சு. தொழில் புத்தி!

ஆனால் மனதில் நின்றது வேறு. ஒரு சந்தில், மூன்றாவது மாடி ஜன்னலில் வரிசையாகக் கண்ணாடிக் கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு குட்டை மெழுகுவர்த்தி. ‘லூமின்யோன்’ என்கிறார்கள். காற்றில் அணைந்த ஒன்றை ஒரு பாட்டி திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தார். ரூமுக்கு வந்ததும் இதன் கதையைத் தேட ஆரம்பித்தேன்.

1643-ல் பிளேக் பயத்தில் நகர நிர்வாகிகள் மாதாவிடம் நேர்ந்துகொண்டார்கள். அதிலிருந்து ஒவ்வொரு செப்டம்பர் 8-ம் தேதியும் ஃபூர்வியேர் குன்றுக்கு ஊர்வலம். 1852-ல் அந்தக் குன்றின் சிற்றாலயத்துக்கு மாதா சிலை ஒன்று தயாரானது, சிற்பி ஃபாபிஷ். திறப்பு விழாவும் செப்டம்பர் 8-தான். ஆனால் சோன் ஆற்று வெள்ளம் அவருடைய பட்டறைக்குள் புகுந்துவிட, வேலை முடியவில்லை. தேதி டிசம்பர் 8-க்குப் போனது. ஆக, இந்தத் தேதியே டெட்லைன் தவறியதால் வந்ததுதான்.

அன்றைக்கும் புயல் மழை. வாணவேடிக்கையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்கிற நிலை. சாயங்காலம் வானம் வெளுத்தது. ஜனங்கள் ஜன்னல்களில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத் தெருவில் இறங்கினார்கள். அதுவே வருஷா வருஷம் வழக்கமாயிற்று.

1989-ல் நகராட்சி, கட்டிடங்களுக்கும் பாலங்களுக்கும் ஒளியூட்ட ஒரு பெரிய திட்டம் போட்டது. 1999 முதல் விழா பல நாள் நிகழ்ச்சியானது. விளக்கு ஏற்றிய ஊர், விளக்கைப் பார்க்க வருகிற ஊராக மாறிவிட்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பதில் 2015-ல் இருக்கிறது. அந்த நவம்பர் 13-ம் தேதி பாரிஸ் தாக்குதல்களில் 130 பேர் பலியானார்கள். இவ்வளவு கூட்டத்துக்குப் பாதுகாப்பு தர முடியாது என்று லியோன் விழாவை ரத்து செய்தார்கள். இறந்தவர்களுக்காக ஜன்னலில் விளக்கு வையுங்கள் என்று மட்டும் நகரம் கேட்டுக்கொண்டது. டிசம்பர் 8 இரவு ஜன்னல்கள் எரிந்தன. 2020-ல் கொரோனாவால் விழா மறுபடி ரத்து, அப்போதும் அப்படித்தான்.

ப்ரொஜெக்டர் காட்சிகளை நான் குறை சொல்லவில்லை, வாய் பிளந்து பார்த்தவன்தான். ஆனால் ‘பார்வையாளரும் பங்கேற்கும் கலை’ என்று இன்று நாம் சொல்வதை, 1852-லேயே அந்த ஊர்க்காரர்கள் ஒரு தீக்குச்சியை வைத்துச் செய்துவிட்டார்கள். கிளம்பும்போது நானும் ஆறு கிண்ணம் வாங்கிவந்தேன். ஒன்று வழியில் உடைந்தது. மிச்சம் ஐந்தும் எங்கள் வீட்டு ஜன்னலில் இருக்கின்றன.