செஞ்சி முற்றுகையும் நம் காலனிச் சிறுவரின் மண் கோட்டையும்

மகாராஷ்டிர நாட்டில் தீபாவளி வருமுன்னர், வீட்டு வாயிலிலும் முற்றத்திலும் சிறுவர் மண்ணாற் கோட்டை கட்டுவது நெடுநாளைய வழக்கம். 'கில்லா' என்பது அதன் பெயர். கல்லையும் செங்கல்லையும் அடுக்கி, பழஞ்சாக்கைப் போர்த்து, செம்மண் குழைத்துப் பூசி மலையாக்குவர். கடுகைத் தூவி நீர் தெளித்து வந்தால் சில நாளில் மலைச்சரிவு பசுமை கொள்ளும். உச்சியில் சிவாஜி மகாராஜா சிம்மாசனத்தில் வீற்றிருப்பார். படிதோறும் 'மாவளர்' எனப்படும் மலைநாட்டு வீரர் ஈட்டியும் வாளும் தாங்கி நிற்பர். அடிவாரத்தில் குகையும் புலியும், ஏர் உழும் குடியானவனும், தலையில் நீர்க்குடம் சுமந்த பெண்ணும் உண்டு. நவராத்திரிக் கொலுவின் கீழே கேழ்வரகை முளைக்கவிட்டு நம் வீட்டுப் பெண்மணிகள் பூங்காவும் குளமும் அமைக்கின்றனர் அல்லவா? அக்கலைக்கு இஃது உடன்பிறப்பு எனலாம். ஆனால் கொலுவில் செட்டியார் பொம்மைக்கு அருகில் கிரிக்கெட் ஆடுவோரை வைத்தாலும் ஒருவரும் வினவார். கில்லாவிலோ, 'இது எந்தக் கோட்டை, எந்த ஆண்டு?' என்று கேட்கும் பெரியவர் தெருவுக்கு ஒருவர் இருப்பார்.

வழக்கமாகச் சிறுவர் எடுத்துக்கொள்வது ராஜகட், பிரதாப்கட், சிம்மகட் ஆகியவற்றையே. 2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியரின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அவற்றுள் 11 இம்மாநிலத்தில் உள்ளவை. பன்னிரண்டாவது நம் செஞ்சி. செய்தி வந்த அன்றே நம் காலனிப் பிள்ளைகள், 'இவ்வாண்டு செஞ்சியைக் கட்டுவோம்' என்று தீர்மானித்துவிட்டனர். இங்கே பிறந்து, இங்குள்ள பள்ளியில் மராட்டி பயின்று, கோடை விடுமுறைக்கு மட்டும் ஊர் சென்று திரும்பும் பிள்ளைகள் அவர்கள். 'உங்கள் ஊரில் கில்லா உண்டா?' என்று தோழர் கேட்கும்போது வாய்மூடி நின்ற குறை அவர்களுக்கு இருந்தது. சரித்திரம் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பு நம்மீது விழுந்தது.

செஞ்சிக்கு இருப்புப்பாதை கிடையாது. திண்டிவனத்தில் இறங்கி மேற்கே சுமார் 28 கிலோமீட்டர் செல்லவேண்டும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகள் முக்கோணமாய் நிற்க, அவற்றைப் பிணைத்துக் கொண்டு ஏறக்குறைய 13 கிலோமீட்டர் மதில் ஓடுகிறது. விஜயநகர வேந்தரின் கீழ் நாயக்கர் ஆண்ட இக்கோட்டையைப் பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் பீஜப்பூர்ச் சுல்தானின் படை கைக்கொண்டது. 1677-இல் தெற்கே படையெடுத்து வந்த சிவாஜி அதைப் பெற்று, மதில்களைப் புதுப்பித்து வலுவாக்கினார். தம் மலைநாட்டிலேயே அத்தனை கோட்டைகள் இருக்க, தொலைதூரத்துத் தமிழ்நாட்டில் ஒரு கோட்டைக்கு அவர் ஏன் இவ்வளவு பொருள் செலவிட்டார் என்பதற்கு விடை, அவர் மறைந்து ஒன்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே தெரிந்தது.

1689 மார்ச்சில் அவர் மூத்த மகன் சம்பாஜியை ஔரங்கசீப் கொல்வித்தார். ராய்கட் முற்றுகைக்குள்ளாயிற்று. இளையவர் ராஜாராமுக்கு அப்போது வயது 19. அவர் பன்ஹாளாவிலிருந்து மாறுவேடம் பூண்டு, சிறு கூட்டத்துடன் கன்னட நாட்டைக் கடந்து தெற்கே வந்தார். கெளதி அரசி சென்னம்மா மொகலாயரின் சினத்துக்கு அஞ்சாமல் வழிவிட்டுக் காத்தாள். அவ்வாண்டு நவம்பரில் ராஜாராம் செஞ்சியை அடைந்தார். அதே மாதம் ராய்கட் வீழ்ந்தது. அன்றுமுதல் மராட்டிய அரசின் தலைநகர் தமிழ்நாட்டில் இருந்தது! அஷ்டப் பிரதானிகளும் 'பிரதிநிதி' என்னும் புதிய பதவியும் இங்கேதான் அமைந்தன. மகாராஷ்டிரத்துத் தேசமுக்குகளுக்கு உரிமை ஓலைகள் இங்கிருந்துதான் சென்றன. இதைக் கூறியபோது, மராட்டி நண்பர் வீட்டுப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதை மறக்க இயலாது.

ராய்கட்டைப் பிடித்த சுல்பிகார் கானையே ஔரங்கசீப் செஞ்சிக்கும் அனுப்பினார். 1690 செப்டம்பரில் தொடங்கிய முற்றுகை 1698-இன் தொடக்கத்தில்தான் முடிந்தது. கோட்டையின் பரப்பு மிகப் பெரிது. முழுதும் வளைக்க மொகலாயரிடம் ஆள் போதவில்லை. ஆகவே ஏதேனும் ஒரு வாயில் எப்போதும் திறந்தே இருந்தது. முடிவில் ராஜாராம் வேலூர் வழியாகத் தப்பித் தாய்நாடு சேர்ந்த பின்னரே கோட்டை வீழ்ந்தது.

நிற்க. கட்டிய விதத்தைச் சிறிது கூறுவோம். சகியாத்திரி மலைகள் படிப்படியாய் ஏறி உச்சியில் தட்டையாய் முடிபவை. சாக்கும் செம்மண்ணும் அவ்வுருவுக்குப் பொருந்தும். செஞ்சிக் குன்றுகளோ, யானைகளைக் குவித்தாற்போல உருண்ட பாறைகளின் அடுக்கு. தண்டவாளத்தடியில் கிடக்கும் ஜல்லி கூர்மையானது, ஆகாது. (ஆகும் என்றாலும் அது ரயில்வேயின் சொத்து.) ஆற்றங்கரையிலிருந்து கூழாங்கற்கள் இரண்டு மூட்டை வந்தன.

அடுத்தது அளவு. ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி. அதை நான்கு அடியாக்கினால் 200 அடிக்கு ஓர் அடி. அக்கணக்கில், 80 அடி அகழி ஏறக்குறைய அரைச் சாண். ராஜகிரி உச்சிக்குச் சற்று முன்னுள்ள 24 அடிப் பிளவு ஒன்றரை அங்குலம். அதன்மேல் மரப்பாலத்துக்கு ஈர்க்குகளே போதும். ஆனால் மதிலின் சுற்று 200 அடியைத் தாண்டும். நம் முற்றத்தில் ஏது இடம்? எனவே உயரத்தைக் கணக்குப்படி வைத்து, தூரத்தைச் சுருக்கினோம். மனிதனோ, அதே கணக்கில், ஓர் அரிசி மணியின் நீளந்தான் வருவான்! அரிசியில் முகம் எழுத இயலாது. ஓரங்குலம் என்று முடிவாயிற்று. கடைத்தெருப் பொம்மைகள் மூன்றங்குலம். அவை நின்றால் மதில் இடுப்பளவு ஆகிவிடும். ஆகவே பொம்மை எல்லாம் கையாலேயே செய்யவேண்டிவந்தது.

பொம்மைக் களிமண்ணில் காகிதக் கூழைப் பிசைந்தால் உலரும்போது வெடிப்பது குறையும். ஈர்க்கை முதுகெலும்பாய் நட்டு, உடலை உருட்டி, கைகளைத் தனியே ஒட்டி, நிழலில் மூன்று நாள் உலர்த்தவேண்டும். வெயிலில் வைத்தால் முதலில் கழுத்து போகும். குதிரைக்கு மெல்லிய கம்பிக் கால்கள். கொலுப் பொம்மைக்குப் பேர்போன பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மையார், விரல்நுனியால் ஒரே அழுத்தில் முண்டாசு வைக்கும் வித்தையைக் கற்பித்தார். இருபது நாளில் 150 உருவங்கள் ஆயின.

எட்டாண்டுப் போரில் எந்த நாளை அமைப்பது என்பதில்தான் பெரிய விவாதம் எழுந்தது. பாட்டிமார் தேசிங்குராஜன் குதிரையைத் தேடினர். அவன் மாண்டது 1714-இல்; இம்முற்றுகைக்குப் பதினாறு ஆண்டு பிற்பட்டவன் என்று விளக்கினோம். அவர்களுக்கு மனம் ஒப்பவில்லை. மராட்டி நண்பர் ராஜாராம் தப்பிய இரவைக் கேட்டார். நாம் 1692 டிசம்பரைத் தேர்ந்தோம். சந்தாஜி கோர்பாடேயும் தனாஜி ஜாதவும் வடக்கிலிருந்து பெரும் படையுடன் இறங்கிய காலம் அது. காஞ்சிப் பக்கத்தில் மொகலாயத் தளபதி அலி மர்தான் கான் சிறைப்பட்டான். முற்றுகையிட்டவர்களே முற்றுகைக்குள்ளாயினர். பாசறைக்குத் தானியம் வரும் வழி அறுந்தது. பாதுஷாவின் மகன் காம் பக்ஷ் பகைவருடன் இரகசியமாய்ப் பேசுகிறான் என்று சந்தேகித்து, சொந்தத் தளபதிகளே அவனைக் காவலில் வைத்தனர். சில வாரங்களில் சுல்பிகார் கான் வந்தவாசிக்குப் பின்வாங்கினான். இத்தனையும் ஒரே களத்தில் காட்டத்தக்கது. மேற்கே கூடாரங்கள், கிழக்கே திறந்த வாயில், வடக்கே புழுதியுடன் வரும் குதிரைகள்.

கடைசியாக அடிவாரத்துக் குடிமக்கள். சென்ற ஆண்டுப் பெட்டியிலிருந்து ஏர்க்காரனையும் குடம் சுமந்த பெண்ணையும் எடுத்து வைக்கப் போனான் ஒரு சிறுவன். 'இவள் குடத்தைத் தலையில் வைத்திருக்கிறாள், நம் அத்தை இடுப்பில் அல்லவா வைப்பாள்?' என்று தடுத்தாள் ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண். சபை ஒரு கணம் அடங்கிற்று. மலைமேல் இருப்போர் மராட்டியர், சூழ்ந்திருப்போர் மொகலாயர். நடுவே வயல் உழுதவர் யார்? எட்டு ஆண்டு இரு படைகளும் உண்டது அவர்களுடைய நெல். ராஜாராமின் வரலாறு எழுதினோர் உண்டு, சுல்பிகார் கானின் வரலாறு எழுதினோர் உண்டு. சந்தாஜி, தானியம் வரும் வழியை அறுத்தான் என்று நாமும் பெருமையாகத்தான் சொல்லிக் கொடுத்தோம். அத்தானியம் எவர் களத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று அதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

எனவே மேலும் பன்னிரண்டு உருவங்கள் செய்தோம். இடுப்பில் குடம் வைத்த பெண்கள், கோவணம் கட்டிய உழவர், ஓர் இரட்டைமாட்டு வண்டி, அதில் மெய்யாகவே ஒரு பிடி நெல். அவற்றை எங்கே வைப்பது என்பதை அப்பெண்ணிடமே விட்டோம். அகழிக்கும் கூடாரங்களுக்கும் இடைப்பட்ட வெளியில் வைத்தாள். 'வண்டி யாருக்குப் போகிறது?' என்று பார்க்க வந்த மராட்டிப் பெரியவர் வினவினார். அவள் மறுமொழி கூறவில்லை. தீபாவளி நாட்களில் அவ்வண்டியை ஒரு நாள் கோட்டை வாயிலை நோக்கியும், மறுநாள் பாசறையை நோக்கியும் திருப்பி வைத்துவந்தாள்.